இடப்பக்கம் பழசு

பழுதான டிஸ்க்குகளைப் போட்டு வைக்கும் இரும்பு அலமாரிக்குள்ளிருந்து, மழை பிடித்துக்கொண்ட நேரத்திலிருந்தே, டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. சத்தம் வருவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போனால் அப்படித்தான் அடித்துக்கொள்ளும். ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும். அலமாரிக்குள் இருப்பவை எல்லாம் ஒயரைப் பிடுங்கி, உறையில் போட்டு, சீட்டு ஒட்டி வைத்த பிணங்கள்.

"சித்தி, உள்ள யாரோ தட்டறாங்க" என்றாள் குட்டி, மாடிப்படியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தபடி. பள்ளிக்கூடம் போக முடியாத அளவுக்குக் காய்ச்சல். வாய்க்கு மட்டும் காய்ச்சல் இல்லை.

"யாரும் தட்டல. பழசுன்னா அப்படித்தான் சத்தம் போடும். நீ மேல போய்ப் படு."

"எங்கம்மாவோடதா?"

சித்தி அலமாரிப் பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். குட்டி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போனாள். மேலே கட்டில் கிரீச்சிட்டது. அதுவரை காத்திருந்தது போல அலமாரி மறுபடி தட்டியது.

தெருவில் அவளுக்கு டாக்டர் என்று பெயர். மாடியில் வீடு, கீழே கடை. செத்துப்போன ஹார்ட் டிஸ்க்குகளை மேஜையில் கிடத்தி, திருகைக் கழற்றி, உயிர் கொடுத்து அனுப்புகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள். அவள் கணவனும் முதலில் அப்படிக் கூப்பிட்டுக்கொண்டு வந்தவன்தான். கையில் இறந்துபோன மனைவியின் டிஸ்க். கம்ப்யூட்டரில் மாட்டினால் மாட்டியதாகவே அது காட்டிக்கொள்ளவில்லை.

"குழந்தை பிறந்ததுலேருந்து எடுத்த படமெல்லாம் இதுலதான் இருக்கு. எப்படியாவது பாருங்க டாக்டர்" என்றான்.

திருப்பிப் பார்த்தாள். அடியில் இருக்கும் சர்க்யூட் பலகை கருகியிருந்தது. இதே மாடலில் இன்னொரு டிஸ்க் கிடைத்தால் அதன் பலகையை இதற்கு மாற்றலாம், கிடைத்ததும் சொல்கிறேன் என்றாள். அவன் வாரா வாரம் வந்து கேட்டான். கேட்க வந்தவன் உட்கார்ந்தான், உட்கார்ந்தவன் பேசினான், பேசினவன் ஒருநாள் கல்யாணத்துக்கே கேட்டுவிட்டான். அதன் பிறகு அவள் அந்தப் பலகையைத் தேடவே இல்லை.

சக்களத்தி என்று ஒருத்தி எதிரே இருந்தால் நாலு வார்த்தை கேட்கலாம், முடியைப் பிடித்து இழுக்கலாம். இந்த மூத்தாளை என்ன செய்வது? கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டியில், மடித்து வைத்த துணிகளுக்கு நடுவே அந்துருண்டை வாசமாக இருக்கிறாள். கணவன் பாதியில் முழுங்கிக்கொள்ளும் பேச்சில் இருக்கிறாள். குட்டியின் மூக்கிலும் முன்கோபத்திலும் இருக்கிறாள். அந்தக் குட்டிக்குத் தலைவாரிவிட்டு, வாந்தியைக் கையில் ஏந்தி, ராத்திரியெல்லாம் நெற்றியில் ஈரத்துணி மாற்றிப் போட்டுக் கண்விழிப்பவள் இவள். ஆனாலும் இவள் சித்திதான். அம்மா என்ற அந்த ஒரு வார்த்தையை மூத்தாள் டிஸ்க்குக்குள் போட்டுப் பூட்டி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும்.

நேற்று சாயங்காலம் கணவன் ஒரு பழைய கண்காணிப்பு கேமரா ரெக்கார்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தான். ஆபீஸில் யாரோ தூக்கிப் போட்டதாம். உள்ளே இருந்த டிஸ்க்கை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"டாக்டர், இது அதே மாடல்தானே?"

அப்படி ஒரு வெளிச்சத்தை அவன் முகத்தில் அவள் தன் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அதே மாடல்தான். இல்லை என்று பொய் சொல்ல முடியாதபடி எண்கள் ஒன்றுக்கு ஒன்று பொருந்தின.

"நாளைக்குப் பார்க்கறேங்க" என்றாள்.

இன்றுதான் அந்த நாளை. அவன் வேலைக்குப் போயிருந்தான், சாயங்காலம் வந்துவிடுவான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அலமாரியைத் திறந்தாள். சத்தம் நின்றது. சிவப்பு டேப் ஒட்டிய மூத்தாளின் டிஸ்க்கைக் கையில் எடுத்தபோது, நெடுநாள் இரும்புக்குள் கிடந்த பொருள் சில்லென்று இருக்க வேண்டியது, இப்போதுதான் ஒருவர் கையிலிருந்து வாங்கியது போலக் கதகதப்பாக இருந்தது.

வேலை என்று வந்துவிட்டால் அவள் கை பிசகாது. கருகிய பலகையைக் கழற்றினாள். அதன் மூலையில் ஒரு சின்னஞ்சிறு சிப். ஒவ்வொரு டிஸ்க்கும் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்பு அதில்தான் இருக்கும். அதை மாற்றாமல் பலகையை மட்டும் மாற்றினால் டிஸ்க்குக்குத் தான் யார் என்றே தெரியாது. குழாய் மூக்குள்ள கருவியால் சூடான காற்றை ஊதி, சிப்பை இளக்கி எடுத்து, நேற்று வந்த டிஸ்க்கின் பலகையில் உட்கார வைத்து, அதை இதற்கு மாட்டினாள். ஒயரைச் செருகினாள். உள்ளே தட்டு சுழலத் தொடங்கியது, தூங்கி எழுந்தவர் மூச்சு இழுப்பது போல.

இனிமேல்தான் அவள் திட்டம். வழக்கப்படி, உயிர் வந்த டிஸ்க்கைத் திறந்து பார்க்கக் கூடாது. எப்போது மறுபடி கண்ணை மூடுமோ தெரியாது. முதலில் முழுசாக ஒரு நகல் எடுத்துவிட வேண்டும். அதற்கென்று மேஜையில் ஒரு காப்பிப் பெட்டி இருந்தது. மேலே இரண்டு வாய், கீழே நான்கு சின்ன விளக்கு. இடப்பக்கம் பழசு, வலப்பக்கம் புதுசு. பொத்தானை அழுத்தினால் இடப்பக்கம் இருப்பது வலப்பக்கத்துக்கு அப்படியே போகும். வலப்பக்கம் ஏற்கெனவே இருந்தது அழியும்.

அதை அவள் மாற்றிச் செய்யப்போகிறாள். தன் சொந்த டிஸ்க்கை எடுத்தாள். பச்சை டேப். பதிவு அலுவலகத்து வாசலில் நீல உடையில் அவள் நின்ற கல்யாணப் படம், கடை திறந்த நாள், கடற்கரையில் குட்டியின் கையைப் பிடித்துக்கொண்ட படம், அவள் வாழ்க்கை மொத்தமும் அதில் இருந்தது. இது இடப்பக்கம். மூத்தாள் வலப்பக்கம். அவள் இருந்த இடத்திலெல்லாம் இனி நான் இருப்பேன். நினைக்கவே தித்திப்பாக இருந்தது. "காப்பி எடுக்கறப்பவே போயிடுச்சுங்க, நான் என்ன பண்ணட்டும்" என்று முகத்தைத் தொங்கப்போட்டு ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மாடியில் குட்டி இருமினாள். அண்ணாந்து பார்த்தபடியே இரண்டு டிஸ்க்கையும் செருகிப் பொத்தானை அழுத்தினாள்.

மழை வலுத்தது. ஷட்டர் இடுக்கு வழியாக வந்த வெளிச்சம் சாம்பல் நிறமாகி, மேஜையின் விளிம்போடு நின்றுவிட்டது. டிஸ்க்குகள் இரண்டும் ஒரே சுருதியில் இரைந்தன. சூடான தூசியின் வாசம், ஈயப்பற்றின் வாசம், அவளுக்குப் பழகிய வாசங்கள். அதற்கு அடியில், மெல்ல, வேறொன்று.

முதல் விளக்கு எரிந்தது.

அந்துருண்டை. மாடியில் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் வாசம் கீழே எப்படி வரும்? எழுந்து போய்ப் படியில் நின்று மோப்பம் பிடித்தாள். அங்கே இல்லை. கையை முகர்ந்தாள். அவள் சட்டைக் கையிலிருந்துதான் வந்தது.

குட்டியைப் பார்க்க மேலே போனாள். நெற்றி கொதித்தது. துணியை நனைத்துப் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தட்டிக்கொடுத்தாள். ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கே உறைத்தது. அந்தப் பாட்டை அவள் கேட்டதே இல்லை. ஆனால் அடுத்த வரியும் தெரிந்தது. அதற்கடுத்த வரியும். தூக்கத்தில் குட்டி சிரித்தாள்.

கீழே ஓடி வந்தபோது இரண்டாவது விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

மேஜையில் பரப்பியிருந்த கருவிகளைப் பார்த்தாள். திருப்புளி தெரிந்தது. பக்கத்தில் இருந்த, கைப்பிடி வைத்த, குழாய் மூக்குடைய ஒன்று எதற்கு என்று தெரியவில்லை. சற்று முன் அதைத்தானே பிடித்திருந்தாள்? சூடாக இருந்தது, அதனால் பிடித்திருக்க வேண்டும். அம்மா வீட்டு போன் நம்பரை நினைத்துப் பார்த்தாள். வரவில்லை. அம்மாவின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். அதற்குப் பதிலாக வந்தது ஒரு ஆஸ்பத்திரி அறை.

பச்சைத் திரை. ஜன்னலில் மழை. இடுப்பைப் பிளக்கும் வலி. கணவன் அவள் கையைப் பிடித்திருக்கிறான், இன்னும் நரைக்காத தலையோடு. யாரோ ஒரு துணிப்பொட்டலத்தை அவள் மார்பில் வைக்கிறார்கள். அது அழுகிறது. அந்த மூக்கு.

அவள் பிள்ளை பெற்றதே இல்லை.

சட்டையைத் தூக்கி அடிவயிற்றைத் தடவினாள். விரலுக்கடியில் ஒரு தழும்பு. நீளமாக. பழையதாக.

மூன்றாவது விளக்கு.

அப்போதுதான் காப்பிப் பெட்டியைச் சரியாகப் பார்த்தாள். இடப்பக்கம் சிவப்பு டேப். வலப்பக்கம் பச்சை. இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அவள் கை பழசை வலப்பக்கம் செருகியதில்லை. மனசு என்ன கணக்குப் போட்டாலும், கண் வேறெங்கோ பார்த்தபோது, கை தன் வழக்கத்தைச் செய்துவிட்டது.

ஒயரைப் பிடுங்கினாள். வந்துவிட்டது. கையில் தொங்கியது.

டிஸ்க்குகள் சுழன்றன. விளக்குகள் எரிந்தன.

பச்சை டேப்பைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. மறுபடி. நகம் பிய்ந்தது. என் பெயர். என் பெயரைச் சொல்லிவிட்டால் போதும். வாயைத் திறந்தாள். நாக்கின் நுனியில் ஒரு பெயர் வந்தது. அது அவளுடையது அல்ல.

படியில் காலடி. குட்டி போர்வையோடு நின்றாள். கண்ணைக் கசக்கினாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அம்மா" என்றாள்.

எத்தனை நாள் ஏங்கிய வார்த்தை. அந்த ஒரு கணம், இத்தனை பயத்துக்கு நடுவிலும், அவளுக்கு உள்ளமெல்லாம் குளிர்ந்தது. கைகளை நீட்டினாள். குட்டி ஓடி வந்து கட்டிக்கொண்டு, முகத்தை வயிற்றில் புதைத்தாள்.

"சித்தி எங்க, அம்மா?"

பதில் சொன்னது அவள் வாய்தான். சொன்னது அவள் இல்லை.

"சித்தியா? அப்படி யாரும் இல்லையே, கண்ணு."

நான்காவது விளக்கு.

இருட்டு.

கையைத் தேடினாள். இல்லை. கண்ணை மூடிப் பார்த்தாள். மூடுவதற்கு ஒன்றும் இல்லை. ஏதோ சுழன்று சுழன்று ஓய்ந்தது. எங்கோ வெளியே ஷட்டர் தூக்கும் சத்தம், கணவனின் நனைந்த செருப்பு. செருப்பு நின்றது. பிறகு அவன் அழுதான். தொலைத்ததைக் கண்டெடுத்தவன் அழுகிற அழுகை.

டாக்டர் எங்கே என்று கேட்பான். காத்திருந்தாள். இப்போது கேட்பான்.

கேட்கவில்லை.

"இது என்ன டிஸ்க், மேஜையில கிடக்கு?" என்றான், வெகு நேரம் கழித்து.

"ஏதோ பழசு. கம்ப்யூட்டர் எடுக்கவே மாட்டேங்குது."

"தூக்கிப் போட்டுடவா?"

"வேண்டாங்க. அலமாரியிலயே இருக்கட்டும்."

இரும்புக் கதவு மூடியது. பூட்டு திரும்பியது. அவளிடம் அசைவதற்கு ஏதோ ஒன்று, ஒன்றே ஒன்று, மிச்சம் இருந்தது. அதை வைத்துத் தட்டினாள். டிக். மறுபடி. டிக். டிக்.

"அம்மா, உள்ள யாரோ தட்டறாங்க."

"யாரும் தட்டல கண்ணு. பழசுன்னா அப்படித்தான் சத்தம் போடும். வா, மேல போய்ப் படுக்கலாம்."

படியேறும் காலடிகள். கட்டில் கிரீச்சிட்டது. அந்தப் பாட்டு ஆரம்பித்தது. அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.