நாலு டிஸ்க்கும் ஒரு தம்பியும்

போட்டோ ஸ்டூடியோக்காரர் வரும்போதே தீர்ப்பையும் கையோடு கொண்டு வந்திருந்தார். நான்கு டிஸ்க்குகளை ஒன்றாகக் கோத்த ரெய்டு என்ற சேமிப்பில்தான் அவர் எடுத்த படமெல்லாம் இருந்தது. இன்று காலை கணினியை ஆன் செய்தால் அந்த ரெய்டையே காணவில்லை. போன வாரம் சண்டை போட்டுக்கொண்டு போன தம்பிதான் படங்களைத் திருடிக்கொண்டு அழித்திருக்கிறான் என்றும், சாயங்காலம் போலீஸில் புகார் கொடுக்கப்போவதாகவும் சொன்னார்.

கணினி பழுது பார்க்கும் அந்தப் பெண்மணியை எல்லோரும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பையை எடுத்தார். கூடவே கிளம்பிய கணவர் சரியான அவசரக் குடுக்கை, வழியிலேயே வாயால் தம்பிக்கு விலங்கு மாட்டிவிட்டார்.

கடைக்குப் போனதும் ஸ்டூடியோக்காரர் சாவி போட்டு மேசை இழுப்பறையைத் திறந்து, உள்ளேயிருந்த பவர் வயரை எடுத்துச் செருகினார். திரையில் பல வருடத்துக்கு முந்தைய தேதி வந்தது.

"பாத்தியா, தடயத்தை மறைக்கத் தேதியை மாத்திட்டான்" என்றார் கணவர்.

டாக்டரம்மா திரையைப் பார்க்காமல் வயரைப் பார்த்தார். "இதை எப்பலேருந்து பூட்டி வெச்சிருக்கீங்க?"

"சண்டை போட்ட அன்னைக்கே உருவிட்டேன். அவன் தொடக்கூடாதுன்னு."

"அதுக்கு முன்னாடி படமெல்லாம் தெரிஞ்சுதா?"

"நல்லா தெரிஞ்சுது."

"வயரும் சாவியும் உங்ககிட்ட. அப்புறம் உங்க தம்பி எதை வெச்சு ஆன் பண்ணியிருப்பார்?"

ஸ்டூடியோக்காரர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். டாக்டரம்மா பெட்டியைத் திறந்து காசு அளவிலான ஒரு பேட்டரியைக் கழற்றினார்.

"மெஷினோட ஞாபகத்தைக் காப்பாத்தற பேட்டரி இது, எப்பவோ செத்துப்போச்சு. பிளக்ல கரண்ட் இருந்தவரைக்கும் தெரியலை. நீங்க வயரை உருவினதும் மெஷின் தேதியையும் மறந்துடுச்சு, டிஸ்க்கை எப்படிப் படிக்கணும்ங்கற செட்டிங்கையும் மறந்துடுச்சு. டிஸ்க்ல யாரும் கை வைக்கலை."

புதுப் பேட்டரி போட்டு, செட்டிங்கைச் சரிசெய்து மறுபடி ஆன் செய்தார். நான்கு டிஸ்க்கும் வந்தன, படங்களும் வந்தன. கணவர் தலையைக் குனிந்துகொண்டு ஸ்குரூக்களை முடுக்கினார்.

ஸ்டூடியோக்காரர் முகத்தில் மட்டும் தெளிவு இல்லை. காலையிலேயே தம்பி வீட்டு வாசலில் நின்று, அவன் மனைவி எதிரிலேயே திருடன் என்று கத்திவிட்டு வந்திருக்கிறார். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பேசிய பேச்சு இப்போது அவரையே சுட்டது.

"மெஷின் கோளாறுதான்னு நீங்களே அவன்கிட்ட சொல்லிடுங்களேன்."

"மெஷின் அவரைத் திருடன்னு சொல்லலையே" என்றார் டாக்டரம்மா.

ஸ்டூடியோக்காரர் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார். மணி முழுசாக அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டார்.