பச்சைக்கு ஒரு உருட்டு

அடுப்படிக்குப் போனபோது பச்சைக் காய் பெட்டிக்குள்தான் கிடந்தது. சோளக்களியைக் கிண்டி இறக்கிவிட்டு வந்து பார்த்தால் லூடோ பலகையில் நிற்கிறது.

"நீயா வச்ச?" என்றான் செக்கிட்டோ.

"எனக்கு மஞ்சள் போதும்யா. உன்னை ஜெயிக்க அதுவே அதிகம்," என்றாள் அவன் மனைவி நமாட்டா.

பொய்யில்லை. கம்பாலாவில் ஊரடங்கு வரும்வரை பலகையைத் தொட்டறியாதவள், இப்போது சைரன் ஊதியதும் கதவைத் தாழிட்டுவிட்டுப் பகடைக் குவளையைக் கையில் எடுத்துவிடுகிறாள். அவனோ பைக் டாக்சி ஸ்டாண்டிலேயே பேர்போன தோல்விக்காரன். 'உன் காயெல்லாம் வீட்டுல தூங்குது, எழுப்பிடாத, பாவம்' என்பான் கூட ஓட்டும் லுபோவா. பச்சை லுபோவாவின் நிறம். வேறு யாரும் அதை ஆடியதில்லை.

ஸ்டாண்டில் ஒரு சட்டம் உண்டு. ஆட்டத்தின் நடுவில் சவாரி வந்து ஒருவன் போய்விட்டால், இருப்பவர்கள் அவனுக்காகவும் உருட்ட வேண்டும். அவன் திரும்பும்வரை பலகையைக் கலைக்கக் கூடாது. பைக்கில் ஆள் ஏற்றக் கூடாதென்று உத்தரவு வந்த நாளில், கடைசிச் சவாரி லுபோவாவுக்கு வாய்த்தது. காய்ச்சலில் நடுங்கிய ஒருவரை ஆஸ்பத்திரியில் விட வேண்டும். மழைக்கோட்டை மாட்டியபடி, "எனக்கும் உருட்டுங்கடா, வந்துர்றேன்" என்றான். பச்சையில் ஒரே ஒரு காய்தான் பழமாக வேண்டியிருந்தது. அவன் தெருமுனை தாண்டியதும், ஊரையே மூடறாங்களாம் என்று சாக்குச் சொல்லி, செக்கிட்டோ படு சந்தோஷமாகக் காய்களை வழித்துப் பெட்டியில் கொட்டி, பலகையை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டான்.

லுபோவா திரும்பவில்லை. அதே காய்ச்சலில் செத்தவனை வெள்ளைப் பாதுகாப்பு உடுப்புக்காரர்கள் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். ஸ்டாண்டிலிருந்து ஒருவராலும் போக முடியவில்லை. செக்கிட்டோ வெங்காயம் நறுக்குவதாகச் சொல்லி அழுதான். வீட்டில் வெங்காயமே இல்லை.

பச்சை பலகைக்கு வந்த மறுநாள் மாலை, அது நகர்ந்திருந்தது. அதற்கடுத்த மாலை, நாய்கூட நடமாடாத சந்துக்குள் ஒரு பைக் உறுமிக்கொண்டு வந்து அவர்கள் வாசலில் நின்றது. சூடான இஞ்சின் ஆறும்போது போடும் அந்த டிக் டிக் சத்தம் தகரக் கதவின் இடுக்கு வழியே வெகுநேரம் வந்துகொண்டிருந்தது. பெட்ரோலும் நனைந்த மழைக்கோட்டும் கலந்த வாடை அறைக்குள் வந்து உட்கார்ந்தது. பாயில், ஆளில்லாத பக்கம் ஈரமாக இருந்தது.

அன்று பச்சை, நமாட்டாவின் ஒரு காயை வெட்டியது. இரவெல்லாம் இருமினாள். தூசி என்றாள். அடுத்த காய் போனபோது காய்ச்சல். அதற்கடுத்ததில் மூச்சு இழுத்தது. பலகையைச் சாக்கடையில் வீசிவிட்டு வந்தான். வந்து பார்த்தால் பாயில் கிடக்கிறது, எல்லாக் காயும் அதனதன் இடத்தில்.

இன்று அவள் திரைக்குப் பின்னால் படுத்திருக்கிறாள். தகரக் கூரையில் மழை. மஞ்சளில் மிஞ்சியது ஒரே காய்; வெட்டுப்பட்ட மூன்றும் மறுபடி ஏறவேயில்லை. அதற்கு ஐந்து கட்டம் பின்னால் பச்சை. ஆட்டத்தை முறைப்படி முடித்துவிட்டால் லுபோவா போய்விடுவான். அவ்வளவுதானே அவன் கேட்டது?

"மச்சான், உனக்கு நான் உருட்டுறேன்," என்றான் செக்கிட்டோ. குரல் ஆட்டுக்குட்டிபோல் வந்தது. "பழமாக்கிட்டுக் கிளம்பிடு. அவளை விட்டுரு."

மழை நின்றது. டிக். டிக்.

"உருட்டு," என்றது காதோரம் ஒரு குரல்.

குலுக்கினான். எது வேண்டுமானாலும் விழட்டும். ஐந்து மட்டும் வேண்டாம்.

பகடை பலகையின் கண்ணாடிமேல் உருண்டது. ஓரச் சட்டத்தில் முட்டியது. நின்றது.

ஐந்து.

சட்டென்று உள்ளங்கையால் மூடினான். கட்டைவிரலால் மெல்லப் புரட்டப் பார்த்தான். ஆயுளில் ஒரே ஒரு ஏமாற்று. அவளுக்காக. பகடை அசையவில்லை.

திரைக்குப் பின்னால் இருமல் நின்றது.

அவன் கைமேல் ஒரு கை வந்து படிந்தது. ஈரமான கையுறை. மண் வாடை. அவசரமே படாமல், அது அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட ஆரம்பித்தது.