இடது கன்னத்தில் ஒரு வெள்ளைப் புண்

"கொதிக்கக் கொதிக்கப் பாலைக் குடுத்து எங்கப்பா வாயைப் பொசுக்கிட்டா, டாக்டர். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, இன்னைக்கே இவளை அவங்க அம்மா வீட்டுல விட்டுடறேன்."

கணவன் பேசிக்கொண்டே போக, மருமகள் சுவரோரமாக நின்றாள். அழுதால் குற்றவாளி, அழாவிட்டால் கல்நெஞ்சக்காரி. எதுவாக இருப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பல் டாக்டரம்மா பெரியவரின் வாய்க்குள் விளக்கை அடித்தார். நர்ஸும் எட்டிப் பார்த்தாள். துப்புத் துலக்குவதென்றால் அவளுக்குப் பசிகூடத் தெரியாது.

"வைட்டமின் குறைவா, டாக்டர்?"

"அந்த மாதிரிப் புண் சின்னச் சின்னதா, வட்டமா, சுத்திச் சிவந்து வரும். இது ஒண்ணே ஒண்ணு. வெள்ளையாத் தோல் உரியுது பாரு."

"பல் உரசியிருக்குமோ?"

"நீயே தடவிப் பாரு."

தடவினாள். பல்லில் கூர் எதுவும் இல்லை. "அப்ப... கேன்சரா?" என்று குரலைத் தாழ்த்தினாள்.

"விளிம்பு தடிக்கல, கல்லு மாதிரியும் இல்ல. ஆனா ரெண்டு வாரத்துல ஆறலைன்னா சதை எடுத்துப் பார்த்தே ஆகணும்."

"அப்ப பால்தான்," என்றான் கணவன்.

"சுடு பால் நாக்கையும் மேலண்ணத்தையும் விட்டுட்டு, இடது கன்னத்து மூலையை மட்டும் தேடிப் போய்ச் சுடுமா? ஐயா ஏதாவது மாத்திரை சாப்பிடறாரா?"

"இதயத்துக்கு ஆஸ்பிரின், தினமும். இவதான் குடுப்பா."

டாக்டரம்மா இரண்டு சத்து மாத்திரைகளை எடுத்தார். ஒன்றை நர்ஸ் கொடுத்தாள். பெரியவர் தண்ணீரோடு விழுங்கி வாயைக் காட்டினார். ஒன்றுமில்லை.

"இப்ப மருமக குடுக்கட்டும்."

கொடுத்தாள். தண்ணீர் இறங்கியது. "வாயைத் திறங்க," என்றார் டாக்டரம்மா. பெரியவர் உடனே திறக்கவில்லை. திறந்தபோது, புண் இருந்த அதே மூலையில் மாத்திரை உட்கார்ந்திருந்தது.

"அந்த ஆஸ்பிரின் ஒரு அமிலம். முழுங்கினா மருந்து. கன்னத்துல அடக்கி வெச்சா சதையை வேக வெச்சிடும். மருமக அந்தப் பக்கம் போனதும் துப்பியிருக்கார்."

நர்ஸுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அதானே பார்த்தேன். ஆனா நான் குடுத்ததை மட்டும் ஏன்..." என்றவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

பெரியவர் தரையைப் பார்த்துச் சொன்னார்: "இவ எதைக் கலந்து குடுக்கறாளோ, யாரு கண்டா."

கணவன் தொண்டையைக் கனைத்தான். "சரி விடு. உன் மேல தப்பில்லைன்னு ஆயிடுச்சில்ல? வா, வீட்டுக்குப் போலாம்."

"நீங்க ரெண்டு பேரும் போங்க," என்றாள் மருமகள்.

"அப்ப நாளைக்கு மாத்திரை?"

இத்தனை வருடமும் வராத நிதானம் அவள் குரலில் வந்திருந்தது. "நீங்களே குடுங்க. குடுத்துட்டு, வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்க. உங்க மேலயாவது அவருக்கு நம்பிக்கை இருக்கான்னு தெரிஞ்சிடும்."