சன்னாசிக்கு ஒரு சட்டை

அந்தப் படத்தில் ஒரு நாய் இருந்தது. நாய்க்குப் பெயரும் போட்டிருந்தார்கள். எனக்கு எரிச்சல் வந்ததே அதைப் பார்த்துத்தான்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் எங்கள் தமிழ்ப்பள்ளியில் மருத்துவ வரலாற்றுக் கண்காட்சி. எங்கள் ஆறாம் வகுப்புக்கு வந்த தலைப்பு மலேரியா. சுகுமாரன் சார் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தில் கண்ட படத்தை, பாதிக் கதவு அளவுக்குப் பெரிதாக்கிக் கொண்டுவந்தார். படத்துக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல ஓர் ஆள் வேண்டுமாம்.

“மெஹ்ரீனுக்கு வாய் நீளம். ஒரு நல்ல காரியத்துக்காவது அது பயன்படட்டும்” என்றார். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

படம் சித்தியவான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் எடுத்தது. பின்னால் தோட்டத்து ஆஸ்பத்திரி. ஓர் ஓரமாக வெள்ளைக்கார டாக்டர், அவர் காலடியில் நாய். முன்னால் சட்டை இல்லாத பிள்ளைகள், இடமும் வலமுமாக இரண்டு வரிசையில். எல்லார் வயிற்றிலும் மையால் ஒரு கோடு. மலேரியா வந்தால் மண்ணீரல் வீங்கிவிடும். எவ்வளவு வீங்கியிருக்கிறது என்று வயிற்றை அமுக்கிப் பார்த்துக் கோடு போட்டிருக்கிறார்கள்.

படத்தின் கீழே டாக்டரின் பெயர். அடுத்து நாயின் பெயர். பிள்ளைகளைப் பற்றி இவ்வளவுதான்: ‘இடப்பக்கம், மாத்திரை கொடுக்கப்பட்டவர்கள். வலப்பக்கம், கொடுக்கப்படாதவர்கள்.’

“ஏன் சார் அந்தப் பக்கம் குடுக்கல?”

“மாத்திரை வேலை செய்யுதான்னு தெரியணும்ல. ஒரு பக்கம் குடுத்து, ஒரு பக்கம் குடுக்காம விட்டுப் பாத்தாத்தான் தெரியும்.”

எனக்கு அது சரியாகப்படவில்லை. ஆனால் மறுநாள் கண்காட்சி. வாயை மூடிக்கொண்டு படத்தைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துவந்தேன்.

வீடு என்றால் எங்களுக்கு அத்தாவின் சாப்பாட்டுக்கடைதான். மாலைக் கூட்டம் இன்னும் வரவில்லை. பின்பக்க மேசையில் காளியம்மாக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எங்கள் கடையில் வேலை பார்ப்பவர், எழுபதைத் தாண்டியவர். அத்தா அவரை அக்கா என்பார். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அவர் அக்காதான்.

படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துப் பேசிப் பார்த்தேன்.

“வணக்கம். இங்கே பாருங்கள், வரிசை நேராக இல்லை. நடுவில் ஒரு சிறுமியும் ஒரு சின்னப் பையனும் கையைக் கோத்துக்கொண்டு வரிசையைக் கெடுக்கிறார்கள். குறும்புக்காரர்கள்...”

“குறும்பு இல்ல பாப்பா” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “அவன் அழுதான். அதான் கையப் புடிச்சேன்.”

திரும்பினேன். காளியம்மாக்கா கத்தியை வைத்துவிட்டு எழுந்து நின்றிருந்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து, படத்தின் வலப்பக்க வரிசையில் நின்ற அந்தப் பையனின் முகத்தைத் தொட்டார்.

“என் தம்பி. சன்னாசி. நாலு வயசு.”

“இது... நீங்களாக்கா?”

“நாந்தான். காலையில, ஆளுங்களக் கணக்கெடுக்குற பெரட்டுக் களத்துக்குப் பிள்ளைங்களக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. நாங்க தோட்டத்துப் பிள்ளைங்க, நில்லுன்னா நிப்போம். சட்டையக் கழட்டுன்னா கழட்டுவோம். நான் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம்.”

“உங்களுக்கு மாத்திரை. அவனுக்கு இல்ல.”

“எங்கம்மா மருந்து குடுக்குற டிரசர்கிட்ட அழுதுச்சு. அந்தப் பக்கத்துக்கு அடுத்த வருசம்னாரு.” காளியம்மாக்கா மெதுவாக மேசைக்குத் திரும்பினார். “என் மாத்திரையில பாதியக் கடிச்சு வச்சு அவனுக்குக் குடுக்கலாம்னு பாத்தேன். அப்படிக் கசப்பு. நாக்குக்கு அடியில ஒளிச்சு வச்சேன். ஆனா முழுங்கினதும் வாயத் தொறக்கச் சொல்லிப் பாப்பாங்களே, அந்த டிரசரு கண்டுபிடிச்சிட்டாரு. முழுங்குன்னாரு. முழுங்கிட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. அடுத்த வருசம் மாத்திரை வந்துச்சு. அவன் இல்ல.”

அவர் மறுபடியும் வெங்காயத்தை எடுத்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே கோபமும். அந்த நாயின் பெயர் எனக்கு மனப்பாடமாகியிருந்தது. சன்னாசி என்ற பெயரை இப்போதுதான் கேட்கிறேன்.

மறுநாள் பள்ளி தொடங்கும் முன்பே படத்தோடு போய்ச் சாரைப் பிடித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

“பாவம்தான். ஆனா மெஹ்ரீன், அந்த ஆராய்ச்சியாலதான் பின்னால எத்தனையோ பேர் பொழைச்சாங்க. அதுவும் உண்மை.”

“பொழைச்சவங்கள நான் இல்லன்னு சொல்லல சார். ஆனா அந்தப் பிள்ளைங்ககிட்ட யாரும் கேக்கவே இல்ல. சட்டையக் கழட்டவும் கேக்கல, படம் எடுக்கவும் கேக்கல. இப்ப நாமளும் கேக்காம மாட்டப் போறோம்.”

“பத்து மணிக்கு விருந்தினருங்க வாராங்க. இப்பப் போய் என்ன செய்ய?”

“கேக்கலாம் சார். கடை பக்கத்துலதானே.”

“அவங்க வேணாம்னு சொல்லிட்டா?”

“வேணாம்னா வேணாம்தான்லா சார்.”

சார் மணியைப் பார்த்தார். பிறகு சுருட்டிய படத்தையும் கார் சாவியையும் எடுத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “ஏறு” என்றார்.

காளியம்மாக்கா கடை வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். நான் நேராகக் கேட்டேன்.

“அக்கா, உங்க படத்தப் பள்ளியில மாட்டலாமா? வேணாம்னா சொல்லிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

அவர் என்னைப் பார்த்தார், சாரைப் பார்த்தார். விளையாட்டா, உண்மையா என்று அவருக்குத் தெரியவில்லை. சார் தலையாட்டினார்.

“வேணாம்” என்றார் காளியம்மாக்கா. “சட்டை இல்லாம நிக்கிறோம். ஊரே பாக்க வேணாம்.”

“சரிக்கா. நடந்தத நான் சொல்லலாமா?”

“சொல்லு. அவன் பேரச் சொல்லு.” துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். “பாப்பா, நான் ஒண்ணு கேக்கட்டுமா? அந்தப் படத்த எனக்குக் குடுப்பீங்களா? அவன் மொகம் எனக்கு மறந்தே போச்சு. வேற படம் இல்ல.”

சார் காரின் பின்கதவைத் திறந்து, சுருட்டிய படத்தை எடுத்து, இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தார்.

பத்து மணிக்கு எங்கள் பலகை வெறும் பலகையாக நின்றது. அதில் நான் எழுதி ஒட்டிய ஒரு தாள் மட்டும்: ‘இங்கே ஒரு படம் இருந்திருக்கும். படத்தில் இருப்பவர் வேண்டாம் என்றார்.’

கோட்டுப் போட்ட விருந்தினர் ஒருவர், “இது என்னம்மா, படமே இல்லாத கண்காட்சி?” என்று சிரித்தார்.

நான் சொன்னேன். மாத்திரையைச் சொன்னேன், இரண்டு பக்கத்தையும் சொன்னேன், சன்னாசியைச் சொன்னேன். நாயைச் சொல்லவில்லை. சொல்லி முடித்தபோது அவர் சிரிப்பு காணாமல் போயிருந்தது. அவர் ஒரு டாக்டர் என்று பிறகுதான் தெரிந்தது. “அந்தம்மாவை நான் பாக்கலாமா?” என்று கேட்டார்.

“அவங்ககிட்டக் கேட்டுச் சொல்றேன்” என்றேன். சுகுமாரன் சார் சிரிப்பை மறைக்க இருமினார். கண்காட்சிப் பரிசு பக்கத்து வகுப்புக்குப் போனது. எனக்கு அழுகை வரும் என்று தோழிகள் காத்திருந்தார்கள். அவர்களுக்கு ஏமாற்றம்தான்.

சனிக்கிழமை காளியம்மாக்கா என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு சதாசிவம் அண்ணன் ஸ்டூடியோவுக்குப் போனார். காலமானவர்களின் பழைய படங்களுக்குச் சட்டை மாட்டி, மாலை போட்டு, சட்டம் அடித்துக் கொடுப்பவர் அவர். எங்கள் வட்டாரத்தில் பாதி வீட்டுச் சுவர்களில் அவர் கைவேலைதான்.

அண்ணன் கணினியில் சன்னாசியை மட்டும் தனியாக எடுத்தார். திரையில் அவன் முகம் பெரிதாக வந்தது. அழுது முடித்த முகம்.

“கோட்டும் டையும் போட்டுடவாக்கா? எல்லாரும் அதான் கேக்குறாங்க.”

“நாலு வயசுப் பயலுக்குக் கோட்டாய்யா?”

அண்ணன் சிரித்துக்கொண்டே வேறு சட்டைகளைக் காட்டினார். வெள்ளை வேண்டாம் என்றார் காளியம்மாக்கா. கோடு போட்டது வேண்டவே வேண்டாம் என்றார். எனக்குக் கால் வலித்தது. ஆனாலும் அவசரப்படுத்தவில்லை.

கடைசியில் ஒரு நீலச் சட்டையில் விரலை வைத்தார்.

“இது. ஆனா ரெண்டு பக்கமும் பை வச்சுக் குடு. பெரிய பையா வையி. கண்டதெல்லாம் பொறுக்கிட்டு வருவான், வைக்க எடம் இல்லாம நிப்பான்.”

அண்ணன் பை வைத்தார். “இன்னும் பெருசா” என்றார் காளியம்மாக்கா.