பத்தொன்பதாவது நிமிடம்

மாடி அறையின் பூட்டு வெயிலில் கொதித்துக் கிடந்தது. துப்பட்டாவைச் சுற்றிப் பிடித்துத்தான் ஷெரினால் அதைத் திறக்க முடிந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் சூடும், சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட பழைய போர்வைகளின் தூசி வாடையும் ஒன்றாக வந்து முகத்தில் அடித்தன. அவள் அண்ணன் ஜெர்சன் இங்கேதான் பாட்டு செய்துகொண்டிருந்தான். போன வருஷம் மேலூர்ச் சாலையில் லாரி மோதி இறந்துபோகும்வரை.

அறை வாசற்படியில் ஒரு செம்பு தண்ணீர் இருந்தது. வெளியே போய்விட்டு வந்ததும் நின்றபடியே அதைக் குடிப்பான் ஜெர்சன். மடக் மடக்கென்ற சத்தம் கீழே அடுப்படிவரை கேட்கும். அம்மா எஸ்தர் இன்றைக்கும் தினமும் அதை நிரப்பி வைக்கிறாள். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை.

“ஷெரினு, ஞாயித்துக்கெழமைக்குள்ள முடிஞ்சிருமாடி?” கீழேயிருந்து அம்மாவின் குரல்.

“முடிச்சிருவேம்மா.”

ஞாயிற்றுக்கிழமை முதல் வருஷ நினைவு ஜெபம். அம்மாவுக்காக ஜெர்சன் தொடங்கி, நாற்பது விநாடியோடு விட்டுப்போன பாட்டை அன்றைக்குப் போட வேண்டும். “அவன் குரல ஒரே ஒரு தடவ கேட்டாப் போதும்டி” என்றிருந்தாள் அம்மா.

அந்த நாற்பது விநாடிக்கு அவனுக்கு எட்டு மாதம் ஆனது. வீட்டு கிரைண்டர், வாசல் கேட், அம்மாவின் தையல் மிஷின் என்று ஒவ்வொரு சத்தத்தையும் கையளவு ரெக்கார்டரில் தானே பிடித்து வந்து கோப்பான். ஷெரின் கிண்டல் பண்ணாமல் விடமாட்டாள்.

“ஸ்டூடியோ பால்பாண்டி அண்ணன் ரெடிமேட் லூப்ப எடுத்து ஒட்டி ஒரு நாளைக்கு மூணு பாட்டு எறக்குறாரு. நீ எட்டு மாசமா கேட்டப் போட்டுத் தட்டிக்கிட்டு இருக்க. அதுக்கு வலிக்காதாண்ணே?”

“அது எவனோ எந்த ஊர்லயோ தட்டி வித்தது. அதுல நம்ம அம்மா எங்கடி இருக்கு?”

“ஆமா, கேட்டுலதான் அம்மா இருக்கு!”

இப்போது ஷெரினுக்கு எட்டு மாதம் இல்லை. மூன்றே நாள்தான். டிரம், வயலின், புல்லாங்குழல் என்று ரெடிமேடாக வாசித்து வைத்த துண்டுகள் அடங்கிய லூப் தொகுப்பு ஒன்றை இறக்கப் பார்த்தாள். கம்ப்யூட்டரில் இடம் இல்லை என்று வந்தது. ஜெர்சனின் ரெக்கார்டரிலிருந்து எடுத்து வைத்த இருநூறு ஃபைல்கள்தான் இடத்தை அடைத்திருந்தன. ஒன்றுக்கும் பெயர் கிடையாது. ஒவ்வொன்றாகத் திறந்து பத்து விநாடி கேட்டாள். வெறும் மௌனம். அடுத்ததும் அப்படியே. பத்தொன்பது நிமிடம் ஓடும் கடைசி ஃபைலிலும் அதேதான். எல்லாவற்றையும் அழித்தாள். குப்பைத் தொட்டியையும் காலி செய்தாள்.

அவனுடைய நாற்பது விநாடிக்குப் பின்னால் லூப்களை இறக்கி ஒட்டியதில் சாயங்காலத்துக்குள் பாட்டு முடிந்துவிட்டது. கேட்கவும் நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் ஜெர்சனின் கூட்டாளி ராம்கி வந்தான். கண்ணை மூடி முழுதும் கேட்டான்.

“சூப்பரா இருக்கு. ஆனா நாப்பது செகண்டுக்கப்புறம் இதுல ஜெர்சன் எங்க ஷெரினு? ரெக்கார்டரக் காலி பண்ணி எல்லாத்தையும் இதுலதான எடுத்து வச்சேன்?”

“அதெல்லாம் வெத்து ஃபைலுண்ணே. எடம் பத்தல, அழிச்சிட்டேன்.”

“எம்புட்டு நேரம் கேட்ட?”

“பத்து பத்து செகண்டு.”

ராம்கி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“எங்க போனாலும் மொதல்ல ஒரு நிமிஷம் சும்மா ஓட விடுவான். ‘அந்த எடம் நம்மளப் பழகிக்கணும் மாப்ள’ம்பான். அதுக்கப்புறந்தான் சத்தமே எடுப்பான்.” அவன் குரல் தேய்ந்தது. “கடைசி ஃபைலுல பாடியிருந்தான். கல்குவாரிகிட்ட நின்னு போன் போட்டான். ‘பாட்டு முடிவு சிக்கிருச்சு மாப்ள, பாடி வச்சிட்டேன், வீட்டுக்குப் போறேன்’னான். ரெக்கார்டர அணைக்க மறந்துட்டான் போல. ஃபைலு நின்ன நேரமும் அடிபட்ட நேரமும் ஒண்ணுதான்.”

“நீங்க கேட்டீங்களாண்ணே?”

“தைரியம் வரல.”

கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினார்கள். கடைக்காரர் வெகுநேரம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “அந்த எடத்துல வேற எழுதிருச்சு தங்கச்சி.”

அண்ணன் குரல் இருந்த இடத்தில் எவனோ தட்டிய டிரம் உட்கார்ந்திருந்தது.

“அம்மாட்டச் சொல்லிறாதீங்கண்ணே” என்றாள் ஷெரின்.

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய ஆட்கள். ஜெபம் முடிந்ததும் ராம்கி ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டான்.

சத்தமே வரவில்லை.

ராம்கி ஒயரைப் பிடுங்கிச் சொருகினான். திரையில் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. மௌன அஞ்சலி என்று நினைத்துப் போதகர் எழுந்து தலைகுனிந்தார். எல்லோரும் எழுந்தார்கள். அந்த அமைதிக்குள் காது பழகப் பழக ஒவ்வொன்றாகக் கேட்டது. காற்று. எங்கோ தூரத்தில் கல் உடைக்கும் ஓசை. ஒரு காக்கை.

சரியாக ஒரு நிமிடம்.

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அம்மாவின் தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. “ஜெர்சா?”

அதோடு ஸ்பீக்கர் நின்றுவிட்டது. அழுதுகொண்டே ஷெரினைக் கட்டிக்கொண்டாள் அம்மா. “எப்படிடி தேடிப் பிடிச்ச?” அந்தச் செருமலை ஷெரின் எங்கேயும் தேடிப் பிடிக்கவில்லை.

மறுநாள் அந்தப் பாட்டு இரண்டு நிமிடம் இருந்தது. அதற்கடுத்த நாள் மூன்று. திரையில் லூப்கள் கலர் கலராக அடுக்கி நின்றன. காதில் மட்டும் ஜெர்சன் பாடினான். பாடி முடித்து, “முடிவு இதான். ஷெரி கேட்டா கிண்டல் பண்ணுவா” என்று தனக்குத்தானே சிரித்தான்.

தினமும் மூன்று மணிக்கு வேலையெல்லாம் ஒதுக்கிவிட்டு அம்மா மேலே வந்து ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். எப்படி வளர்கிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை. ஒரு வருஷமாகச் செத்துக் கிடந்த முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது. ஒன்பதாவது நாள் சிரித்தாள்.

“பைக்க எடுத்துட்டான்டி. வீட்டுக்கு வாரான்.”

அந்த ஃபைல் பத்தொன்பது நிமிடம். அது எங்கே போய் நிற்கிறது என்பது அந்த வீட்டில் ஷெரினுக்கு மட்டும்தான் தெரியும்.

பதினெட்டாம் நாள் அம்மா கேட்டுவிட்டுக் கீழே போனதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அழிக்கும் பட்டனில் விரல் நின்றது. ஒரு தடவை அண்ணனை அழித்தாயிற்று. இரண்டாம் தடவை விரல் இறங்கவில்லை.

நாளைக்கு லாரி வருவதற்குள் அவனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

லூப் தொகுப்பில் தேடினாள். பைக் வந்து நிற்கும் சத்தம் இருந்தது. கேட் திறக்கும் சத்தம்கூட இருந்தது. போட்டுப் பார்த்தாள். அது யார் வீட்டுக் கேட்டோ. அம்மா ஒரு விநாடியில் கண்டுபிடித்துவிடுவாள்.

கீழே போய் அப்பா ஞானமுத்துவிடம் நின்றாள்.

“அப்பா, தெருமுனையில இருந்து பைக்க ஓட்டிட்டு வந்து வாசல்ல நிறுத்துங்க. எதுக்குன்னு மட்டும் கேக்காதீங்க.”

அவள் கையிலிருந்த ரெக்கார்டரை அவர் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். சாவியை எடுத்தார். மூன்று தடவை போய்ப் போய் வந்தார். மூன்றாம் தடவை துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

பட்டனை அமுக்கிவிட்டு, ஜெர்சன் மாதிரியே ஒரு நிமிடம் சும்மா நின்றாள் ஷெரின். தெரு பழக வேண்டும்.

காதோரமாக யாரோ மூச்சு விட்டார்கள்.

அவள் திரும்பவில்லை. பைக் வந்து நின்றது. ஸ்டாண்ட் இறங்கியது. எண்ணெய் காணாத கேட்டைத் தள்ளினாள். ஜெர்சனின் பழைய செருப்பை மாட்டிக்கொண்டு, அவனைப் போலவே இரண்டிரண்டு படியாக ஏறினாள். அறை வாசலில் வந்து நின்றதும் ரெக்கார்டரை அணைத்தாள். அவ்வளவுதான். அவள் தன் கையால் செய்த முதல் சத்தம் அது. முதல் நிமிட மௌனத்தை மட்டும் வெட்டிவிட்டு, பதினெட்டாவது நிமிடத்தின் முடிவில் அதைக் கொண்டுபோய் ஒட்டினாள்.

மறுநாள் மூன்று மணி. அம்மா ஹெட்போனை மாட்டினாள். ஷெரின் கதவோரம் நின்று அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழு. பதினெட்டு. லாரி வரக்கூடாது. கர்த்தரே, லாரி வரக்கூடாது.

அம்மாவின் கண் மெல்ல மூடியது.

“வந்துட்டான்டி.”

ஷெரின் சுவரில் சாய்ந்தபடி சரிந்து உட்கார்ந்தாள்.

“நம்ம கேட்டுதான். இன்னும் எண்ண விடல பாரு உங்கப்பா.” அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். “மாடிப்படில ஏறுறான். ரெண்டு ரெண்டா. எத்தன தடவ சொல்லியிருப்பேன், விழுந்துருவடான்னு.”

“அம்புட்டுதாம்மா. முடிஞ்சிருச்சு. ஹெட்போனக் கழட்டிரு.”

“இருடி.” அம்மா கையமர்த்தினாள். “தண்ணி குடிக்கிறான். அதே மடக்கு மடக்குன்னு.”

தண்ணீர் குடிக்கும் சத்தம் எதையும் ஷெரின் எடுக்கவில்லை.

மெல்ல வாசற்படியைத் திரும்பிப் பார்த்தாள். மத்தியானம் அம்மா நிரப்பி வைத்த செம்பு அங்கேயேதான் இருந்தது. அதன் விளிம்பிலிருந்து ஒரு சொட்டு நழுவி, காய்ந்த தரையில் விழுந்தது.

உள்ளே ஒரு துளி இல்லை.