ஆதார் ஜெராக்ஸோடு வந்த கூட்டம்

தண்ணீர் கம்பெனி வாசலில் பந்தல் போட்டு இன்றோடு மூன்று நாள். காலாண்டு விடுமுறை என்பதால் ஐந்தாம் வகுப்பு மணிமொழியும் அம்மா அமிர்தத்தோடு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

பந்தலில் ஒரு பெரிய தட்டி தொங்கியது. ‘பெருநிறுவனப் பேராசையே, வெளியேறு!’ எழுதியவர் தனசேகரன் மாமா. போராட்டத்துக்கு அவர்தான் தலைவர்.

கச்சிராயபாளையம் டவுன் பஸ் வந்தால் எல்லாத் தலைகளும் ஜன்னலுக்கு வெளியே நீளும். “இன்னா கூட்டம்பா?” என்று யாராவது கத்துவார்கள். பதில் சொல்வதற்குள் பஸ் போய்விடும். தட்டியைப் படித்தவர்களோ, படிக்காதவர்களைவிட அதிகம் குழம்பினார்கள்.

“இன்னிக்கி தாசில்தார் வர்றாரு. ஆளு கம்மியா இருந்தா நம்மள யாரு மதிப்பாங்க?” என்று மாமா கவலைப்பட்டார்.

ஆனால் பத்து மணிக்கு மேல் சாரை சாரையாக ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். மாமாவுக்கு வாயெல்லாம் பல்!

மணிமொழியின் பக்கத்தில் உட்கார்ந்தவர் பெயர் குஞ்சம்மாள். வடக்கனந்தலில் கரும்பு வெட்டும் வேலைக்குப் போகிறவர்.

“கண்ணு, ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு போதுமா, ரெண்டு வேணுமா?” என்று கேட்டார்.

“எதுக்கு அத்தை?”

“வூடு கட்டித் தர்றாங்களாமே! தாசில்தாரே வர்றாராமே! வேலைய வுட்டுட்டு வந்து குந்திக்கினு இருக்கேன்.”

மணிமொழி திரும்பிப் பார்த்தாள். புதிதாக வந்த அத்தனை பேர் கையிலும் ஜெராக்ஸ்!

ஓடிப்போய் மாமாவிடம் சொன்னாள். அவர் உதட்டில் விரலை வைத்தார். “உஷ்! தாசில்தார் வந்து போற வரைக்கும் இருக்கட்டும்.”

மணிமொழிக்கு மனசு கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். அம்மா மூன்று நாள் உட்கார்ந்தது வீண். சொல்லாவிட்டால், வியர்வையைத் துடைத்துக்கொண்டு காத்திருக்கும் இந்த அத்தையை ஏமாற்றியதாக ஆகும்.

எழுந்து நின்றாள். “இங்க வூடு எதுவும் தரலீங்க! நீங்க தப்பா நெனச்சி வந்துட்டீங்க!”

மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

“அப்ப நீங்கல்லாம் எதுக்குக் குந்திக்கினு இருக்கீங்க?” என்று கேட்டார், ஜெராக்ஸோடு வந்திருந்த கந்தசாமி தாத்தா.

மாமா தட்டியைக் காட்டினார்.

“அது இன்னான்னே புரியலையேப்பா!”

“எங்க தெருவுல ஒரு அடிபம்பு இருந்துச்சி தாத்தா,” என்றாள் மணிமொழி. “அடிச்சா கிறீச் கிறீச்சுனு கத்தும். நானும் பக்கத்து வூட்டு ஜீவாவும் கைப்பிடியில தொங்குவோம். அப்பத்தான் தண்ணி வரும். வெயில் காலத்துல சில்லுனு இருக்கும். மார்கழியில வெதுவெதுன்னு வரும். ஒரு போர்வெல் போடத்தான் கம்பெனிக்கு அனுமதி. இவங்க ஆறு போட்டுட்டாங்க. இப்ப எவ்ளோ அடிச்சாலும் காத்துதான் வருது.”

இல்லாத கைப்பிடியை மேலும் கீழும் அடித்துக் காட்டினாள். அந்தக் கிறீச் சத்தத்துக்கு அவள் அவ்வளவு ஏங்கிப் போயிருந்தாள்.

கந்தசாமி தாத்தா சிரித்தார். “எங்கூட்டுக்காரிய நான் மொதல்ல பாத்ததே பம்புகிட்டதான். குடத்த என் கால் மேல போட்டுட்டா!”

“எங்க பள்ளிக்கூடத்துப் பம்புல உள்ளங்கையால அடைச்சிப் புடிச்சிக் குடிப்போம். மூக்குல ஏறிடும்!” என்றார் இன்னொருவர்.

ஆளுக்கொரு பம்புக் கதை கிளம்பியது. மாமாகூடத் தட்டியை மறந்துவிட்டு, பம்படியில் வழுக்கி விழுந்து பல் உடைந்த கதையைச் சொன்னார்.

குஞ்சம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. “எங்க பம்பும் போன மாசம் வத்திப்போச்சி. மழை இல்லாததாலன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன்!” என்று கம்பெனி மதிலையே பார்த்தார்.

ஏழெட்டுப் பேர் எழுந்து போனார்கள். மற்றவர்கள் நகரவில்லை.

தாசில்தார் ஜீப்பில் வந்து இறங்கினார். தட்டியை இரண்டு முறை படித்தார். “உங்க கோரிக்கை என்ன?” என்றார்.

மாமா தொண்டையைச் செருமுவதற்குள் குஞ்சம்மாள் எழுந்துவிட்டார். “மொதல்ல குந்துங்க சார். எங்க பம்பு கதைய கேளுங்க.”

தாசில்தார் உட்கார்ந்தார். கதைகள் முடிய ஒரு மணி நேரம் ஆனது. பிறகு கம்பெனி கேட்டைத் திறக்கச் சொன்னார். உள்ளே போய்ப் போர்களை எண்ணினார். ஆறு!

“அனுமதி ஒண்ணுக்குத்தானே? மத்த அஞ்சையும் நிறுத்துங்க. இப்பவே சீல் வைக்கணும்.”

மோட்டார்கள் ஒவ்வொன்றாக அடங்கின. ஐந்தாவதும் நின்றபோது, கரும்புக் கட்டைத் தூக்கிப் பழகிய கைகளால் குஞ்சம்மாள் மணிமொழியைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டார்.