கட்டம் கட்டமாக வந்த பெயர்

வாண்டுவின் அக்கா கணினிக்கு நிரல் எழுதுகிறவள். நாளைக் காலை நூலகத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு உறுப்பினர் அட்டை கொடுக்கப் போகிறார்கள். அட்டையை அச்சடிக்கும் நிரல் அக்கா எழுதியதுதான். அவளுக்கு இது முதல் வேலை.

நேற்று நூலகத்துக் கணினியில் போட்டுப் பார்த்தாள். கல்லுப் பிள்ளையார் மாதிரி அது அசையவே இல்லை.

"நம்ம வீட்டுல ஜம்முனு ஓடுச்சே!" அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

இன்று வேறு வழி கண்டுபிடித்திருந்தாள். "நிரலுக்கு வேண்டிய எல்லாத்தையும் ஒரே பெட்டியில கட்டிடுறேன். அதுக்குப் பேரு கன்டெய்னர். எந்தக் கம்ப்யூட்டர்ல திறந்தாலும் ஒரே மாதிரி ஓடும்."

"பெட்டி எங்கே?" வாண்டு மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். சிரிக்காதீர்கள், நானாக இருந்தாலும் குனிந்திருப்பேன்.

"கம்ப்யூட்டருக்குள்ளடி! இதோ பட்டியல். இதுல எழுதினது மட்டும்தான் பெட்டிக்குள்ள போகும்."

அக்கா சோதித்துப் பார்த்தாள். பெயர் கேட்ட இடத்தில் ஆங்கிலத்தில் 'ஏ பி சி' என்று தட்டினாள். அட்டை அழகாக வந்தது.

"நான் ஒண்ணு அடிக்கட்டுமாக்கா?"

வாண்டு தமிழில் 'வாண்டு' என்று தட்டினாள். அட்டையில் வரிசையாகக் காலிக் கட்டங்கள் வந்தன.

"என்னக்கா இது? நான் ஜன்னலா?"

அக்கா பேந்தப் பேந்த விழித்தாள். "போச்சு! நாளைக்கு நாற்பது பேரும் ஜன்னல்தான்!"

வாண்டு பட்டியலை விரல் வைத்துப் படித்தாள். "அக்கா, தமிழ் எழுத்து எங்கேருந்து வருது?"

"எழுத்துருன்னு ஒரு கோப்பு இருக்கும். அது நம்ம கம்ப்யூட்டர்ல..." அக்கா பாதியிலேயே நிறுத்தினாள்.

"இந்தப் பட்டியல்ல அது இல்லையே!"

"எப்பவுமே கூட இருக்கிறதால தோணவே இல்லைடி!" அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பட்டியலில் ஒரு வரி சேர்த்துப் பெட்டியை மறுபடி கட்டினாள்.

வாண்டு அதோடு விடவில்லை. நாற்பது பெயர்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள். ஒரு கொம்பு, ஒரு புள்ளி கூடத் தப்பவில்லை.

மறுநாள் நூலகக் கணினியில் பெட்டியைத் திறந்ததும் நிரல் ஓடியது. அட்டைகள் மளமளவென்று வெளியே வந்தன.

முதல் அட்டை, எழுத்துக் கூட்டிப் படிக்க இப்போதுதான் கற்றிருந்த ஒரு பொடியனுக்கு. அவன் அட்டையை மூக்கருகில் வைத்துக்கொண்டு, உதடு அசைய, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தான். கடைசி எழுத்து வந்ததும் துள்ளிக் குதித்தான்.

"அக்கா, இது நான்! இது நானேதான்!"